பிக்கப்புக்கு முன் பம்பர்: 5 எம்எம் பிளேட் போதுமா?

துறைமுகம்31
வண்டி டிஎன்-31, பழைய மாடல் டீசல் பிக்கப். கடலூர் துறைமுகத்தில் மீன் பெட்டி ஏற்றும் வண்டி. கம்பெனி பம்பரின் கீழ் மடிப்பு முழுக்க துரு தின்றுவிட்டது, கையால் அழுத்தினாலே உதிர்கிறது. புதிதாக 5 எம்எம் எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) பிளேட்டில் செய்து, மேலே ஒன்றரை இஞ்ச் பைப்பில் ஒரு கார்டும் (காவல் கம்பி) வைக்கலாமா? சேசிஸோடு (அடிச்சட்டம்) சேர்த்து வெல்டிங் அடித்தால் ஆடாது என்று பட்டறையில் சொல்கிறார்கள். உப்புக் காற்றுக்கு எந்த பெயின்ட் தாங்கும் என்பதையும் சொல்லுங்கள்.

சேதராப்பட்டு ஃபேப்
5 எம்எம் வேண்டாம் அண்ணே. கணக்கைப் பாருங்க. 1 எம்எம் தடிமனுக்குச் சதுர மீட்டருக்கு 7.85 கிலோ. மடிப்பெல்லாம் விரித்தால் 1600 × 500 எம்எம் வரும், அதாவது 0.8 சதுர மீட்டர். 5 எம்எம்மில் அது மட்டுமே 31 கிலோ. பைப் மீட்டருக்கு மூன்றரை கிலோவுக்கு மேல், மூணு மீட்டர் போனால் 11. பிராக்கெட்டோடு 48 கிலோ ஆயிடும். அதுவும் முன் ஆக்ஸிலுக்கு (சக்கர அச்சு) வெளியே தொங்குற எடை. வீல்பேஸ் 3 மீட்டர், பம்பர் ஆக்ஸிலுக்கு 70 சென்டிமீட்டர் முன்னாடி என்றால் முன் ஆக்ஸில் 59 கிலோ சுமக்கும், பின்னாடி 11 கிலோ குறையும். காலி வண்டியில் நனைந்த ரோட்டில் பிரேக் பிடிக்கும்போது அந்த 11 கிலோ எங்கே போச்சுன்னு தெரியும்.

3 எம்எம் போதும். முகத்துக்குப் பின்னால் நாலு இடத்தில் 3 எம்எம் ரிப் (முட்டுப் பட்டை), பிராக்கெட்டுக்கு மட்டும் 6 எம்எம். கார்டு இல்லாமல் மொத்தம் 25 கிலோ அளவில் நிற்கும். தடிமன் ஏற்றி வாங்குற விறைப்பை விட மடிப்பில் வாங்குற விறைப்பு அதிகம்: மேலே 60, கீழே 50 எம்எம் மடக்கினாலே பிளேட் முறுக்காது.

புதுச்சேரியில் மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி பக்கம் ப்ரஸ் ப்ரேக்கில் (பிளேட் மடிக்கிற மெஷின்) மடிக்கக் கொடுக்கலாம். 3 எம்எம்முக்கு 25 எம்எம் வி-டை (மடிப்பு அச்சு). ப்ரேக் கிடைக்கவில்லை என்றால் மடிப்பின் உள்பக்கம் 1 எம்எம் கட்டிங் டிஸ்கால் 2 எம்எம் ஆழத்துக்குக் கோடு போட்டு மடித்து, கோட்டையே வெல்டால் நிரப்புங்க. ஆழம் கொஞ்சம் ஏறினாலும் வெளிப்பக்கம் விண்டுவிடும். பிளேட்டில் கை வைக்கும் முன் அட்டைப்பெட்டியில் முழு அளவு மாதிரி வெட்டி வண்டியில் ஒட்டிப் பார்ப்பது அவசியம்.

இப்போ முக்கியமானது: சேசிஸில் வெல்டிங் அடிக்கவே கூடாது. சூடுபட்ட இடத்துக்குப் பக்கத்தில் பலம் குறைந்து, அதிர்வில் அங்கேதான் விரிசல் கிளம்பும். ஏற்கெனவே இருக்கிற ஓட்டைகளில் போல்ட்டில் மாட்டணும். ஒரு பக்கத்துக்கு நாலு எம்12 போல்ட், 8.8 கிரேடு (பலத்துக்கான எண்), முறுக்கு சுமார் 80 நியூட்டன் மீட்டர். பம்பர் பக்க பிராக்கெட்டில் 13 × 25 நீள ஓட்டை விட்டால் ஏற்றி இறக்கி நேர் பார்க்கலாம்.

முறை இது. பிராக்கெட் இரண்டையும் சேசிஸில் முறுக்குங்க. பம்பரை ஜாக்கி மேல் கட்டை வைத்து நிறுத்தி, பாடிக்கும் பம்பருக்கும் நடுவில் 20 எம்எம் மரத்துண்டு கொடுங்க. கேபின் ரப்பர் மேல் உட்கார்ந்து ஆடும், சேசிஸ் ஆடாது. இடைவெளி இல்லையென்றால் பள்ளத்தில் விழும்போது ஃபெண்டரைத் தட்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, எர்த் கிளாம்பை வெல்டுக்குப் பக்கத்திலேயே போட்டு டாக் (சின்னப் பொட்டு வெல்டு) மட்டும் அடிங்க. கழற்றும் முன் இரண்டு பிராக்கெட்டுக்கும் குறுக்கே 40 × 40 × 5 ஆங்கிள் ஒன்றை டாக் வைத்து இணைக்கணும். இதை விட்டால் முழு வெல்டிங் முடிந்ததும் பிராக்கெட் உள்ளே 4, 5 எம்எம் இழுத்துக்கொள்ளும், போல்ட் ஏறாது. அப்புறம் சுத்தியல்தான்.

3 எம்எம்முக்கு 6013 வெல்டிங் ராடு, 2.5 சைஸ், 70 முதல் 90 ஆம்ஸ். 40 எம்எம் அடித்து, அடுத்ததை எதிர்முனையில் அடிங்க. ஒரே இழுவையில் போனால் முகம் அலை அலையாக நெளிந்துவிடும், பட்டி பூசித்தான் மறைக்கணும்.

பிஒய்01 டீசல்
கார்டு யோசனையை விட்டுவிடுங்கள் சார். 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கிராஷ் கார்டு, புல் பார் (பம்பர் மேல் வைக்கிற காவல் கம்பிகள்) வைத்த வண்டிகள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52. 182ஏ(4)-இன்படி உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ வரலாம். உங்களுடையது எஃப்சிக்கு (ஃபிட்னஸ் சான்று) நிற்கிற வண்டி. எட்டு வருடம் தாண்டியிருந்தால் வருடா வருடம். அதனால் பழைய பம்பரின் அளவு, உயரம், வெளிநீட்டம் மூன்றையும் மாற்றாமல் செய்யுங்கள். நம்பர் பிளேட், இண்டிகேட்டர் மறையக் கூடாது. பிளேட் வெட்டும் முன் ஆர்டிஓ ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் நல்லது. ரேடியேட்டருக்கு எதிரே இருக்கிற திறப்பையும் குறைக்காதீர்கள்.

துறைமுகம்31
நன்றி. கார்டு வேண்டாம், 3 எம்எம்தான். துருவுக்கு மொத்தமாக ஹாட் டிப் கால்வனைசிங் (உருக்கின துத்தநாகத்தில் முக்குவது) கொடுத்துவிடலாமா? போல்ட் ஸ்டெயின்லெஸ் போடட்டுமா?

உப்புக்காத்து
கொடுக்கலாம், ஆனா 450 டிகிரி துத்தநாகத்தில் முக்கும்போது 3 எம்எம் பிளேட் கோணலாக வாய்ப்பு அதிகம். எங்கயாவது முழுசா மூடின பெட்டி மாதிரி இடம் இருந்தா காத்து ஓட்டை கட்டாயம். இல்லைன்னா உள்ளே ஈரம் ஆவியாகி வெடிக்கும். அதுக்கு மேல சாதாரண எனாமல் அடிச்சா உரிஞ்சு வரும், துத்தநாகத்தைப் பிடிச்சுக்கிற எட்ச் பிரைமர் வேணும். மீன் வண்டிக்கு இவ்வளவு தேவையில்லை தம்பி.

பெயின்ட்லயே நிக்க வைக்கலாம். பிளாஸ்டிங் (மணல் மாதிரித் துகள் அடிச்சு துரு எடுக்கறது) பண்ணி, அன்னிக்கே ஜிங்க் ரிச் எபாக்ஸி (துத்தநாகத் தூள் கலந்த) பிரைமர், அப்புறம் எபாக்ஸி, மேல பியூ (பாலியூரித்தேன்) பெயின்ட். ஜிங்க் பிரைமர் வெறும் இரும்பைத் தொட்டாத்தான் வேலை செய்யும். துரு மேலயோ ரெட் ஆக்ஸைடு மேலயோ அடிச்சா காசு தண்டம்.

பம்பர் அழுகுறது முன்பக்கம் இல்ல, உன் பழசு மாதிரி கீழ் மடிப்புல, உள்ளேயிருந்து. அதனால கீழ் மடிப்புல 300 எம்எம்முக்கு ஒண்ணுன்னு 10 எம்எம் வடிகால் ஓட்டை போடு. விட்டு விட்டு அடிச்ச வெல்டுக்கு நடுவுல இருக்கிற சந்துதான் உப்புத் தண்ணி தங்குற இடம். பிரைமர் காஞ்சதும் அதையெல்லாம் பியூ சீலன்ட் வெச்சு அடைச்சுடு. ஐஸ் தண்ணி பட்ட வண்டியைக் கழுவுறப்ப அந்த ஓட்டை வழியா உள்ளேயும் பைப் காட்டணும்.

ஸ்டெயின்லெஸ் போல்ட் வேண்டாம். கடையில கிடைக்கிற ஏ2-70 ஸ்டெயின்லெஸ் கிரேடு, 8.8 அளவுக்குப் பலம் கிடையாது. கால்வனைஸ் பண்ணின 8.8 கேட்டு வாங்கு. போல்ட் உட்காருற முகத்துல பிரைமர் மட்டும் இருக்கட்டும், டேப் ஒட்டிட்டு மத்த கோட்டு அடி. அங்க பெயின்ட் தடியா இருந்தா நாளாக ஆக நசுங்கி, முறுக்கின பிடி விட்டுடும். 500 கிலோமீட்டர் ஓடினதும் எட்டு போல்ட்டையும் டார்க் ரென்ச்ல ஒரு தடவை பார்த்துடு.