பூண்டியாங்குப்பத்தில் மின்லாரி சார்ஜிங் நிலையம்: இப்போதே வேண்டுமா?

கெடிலக்கரை:
மின்வாகனங்களுக்கு மானியம் தரும் பி.எம். இ-டிரைவ் திட்டத்துக்கு மத்திய அரசு ஒதுக்கியது 10,900 கோடி ரூபாய். அதில் 2,000 கோடி சார்ஜிங் நிலையங்களுக்கு, 500 கோடி மின்லாரி மானியத்துக்கு. ஒரு லாரிக்கு அதிகபட்சம் 9.6 லட்சம் என்று 2025 ஜூலையில் அறிவித்தார்கள். சரி, வாங்கிய லாரிக்கு எங்கே சார்ஜ் போடுவது? கடலூர் பக்கம் நான் பார்த்த சார்ஜர்கள் எல்லாம் கார்களுக்கானவை. விழுப்புரம்–நாகை நாலுவழிச் சாலையில், சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிப் பூண்டியாங்குப்பம் பக்கம் 240 கிலோவாட் சார்ஜர் நான்கு வைத்து ஒரு பொது நிலையம் உடனே கட்ட வேண்டும் என்கிறேன். லாரி வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருந்தால் லாரி வரவே வராது.

ரெண்டு லாரி ஓனர்:
தம்பி, இதை நான் ஏற்க மாட்டேன். என் டாரஸ் லாரி லோடோடு லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் தரும். டீசல் 92 ரூபாய் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 23 ரூபாய். அதே லோடை இழுக்கும் மின்லாரிக்கு கிலோமீட்டருக்கு 1.3 யூனிட் வேண்டும் என்று வையுங்கள். பொது சார்ஜரில் யூனிட் 18 ரூபாய் என்றால் 23 ரூபாய் 40 காசு. இதில் மிச்சம் எங்கே? வண்டி விலையோ டீசல் லாரியைப் போல இரண்டு, மூன்று மடங்கு. மாதா மாதம் டியூ கட்டுகிறவன் நான். புதுச்சேரி எல்லைக்குள் நுழைந்தால் டீசல் இன்னும் சில ரூபாய் குறைவு என்பதையும் மறக்காதீர்கள்.

சொந்த யார்டில் யூனிட் 9 ரூபாய்க்குப் போட முடிந்தால் கிலோமீட்டருக்கு 12 ரூபாய்க்குள் முடியும். அது லாபம்தான். ஆனால் யார்டு பெரிய கம்பெனிகளிடம்தான் இருக்கிறது. அவர்களே போட்டுக்கொள்ளட்டும். மக்கள் பணம் எதற்கு?

கெடிலக்கரை:
அண்ணே, உங்கள் கணக்கு சரி. ஆனால் அதிலேயே என் பதிலும் இருக்கிறது. யார்டு உள்ளவனுக்கு 12, இல்லாதவனுக்கு 23 என்றால், பத்து வருடத்தில் லோடு யார் கைக்குப் போகும்? அவன் கேட்கிற வாடகைக்கு நீங்கள் ஓட்டவே முடியாது. சார்ஜர் ஒரு நாளில் இரண்டு மணி நேரம்தான் ஓடுகிறது என்றால் போட்ட முதல் எல்லாம் அந்தக் கொஞ்ச யூனிட்டின் மேல் ஏறும். பத்து மணி நேரம் ஓடினால் யூனிட் விலை இறங்கும். இடையில் உள்ள வருடங்களின் நஷ்டத்தைத் தாங்கத்தான் பொதுப்பணம் வேண்டும். ஐரோப்பாவில் இதைச் சட்டமாகவே போட்டுவிட்டார்கள். 2030க்குள் முக்கிய நெடுஞ்சாலைகளில் 60 கிலோமீட்டருக்கு ஓர் இடத்தில் லாரிக்கு சார்ஜர் இருக்க வேண்டும்.

பல்க்கர் டிரைவர், நெய்வேலி:
இரண்டு பேரும் ரூபாயை மட்டும் பேசுகிறீர்கள். நான் நெய்வேலியில் பல்க்கரில், அதாவது மூடிய தொட்டி லாரியில், அனல்மின் நிலையச் சாம்பல் ஏற்றி அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்கு ஓட்டுகிறேன். எனக்கு டிரிப் கணக்கில்தான் காசு. 300 யூனிட் பேட்டரியை 20 சதவீதத்திலிருந்து 80க்கு ஏற்ற 180 யூனிட் வேண்டும். 240 கிலோவாட் சார்ஜர் முழு வேகத்தில் கொடுத்தாலே முக்கால் மணி நேரம். எனக்கு முன்னால் இரண்டு வண்டி நின்றால் இரண்டேகால் மணி நேரம். அன்றைக்கு ஒரு டிரிப் போச்சு.

ஆனால் லோடு ஏற்ற வரிசையில் மூன்று மணி, நான்கு மணி நேரம் சும்மா நிற்கிறேன். இறக்கும் இடத்திலும் அப்படித்தான். அந்த வரிசையில் சார்ஜர் இருந்தால் எனக்கு ஒரு நிமிடம்கூட நஷ்டமில்லை. போக வர 200 கிலோமீட்டருக்குள் ஓடுகிற வண்டிக்கு நடுவழியில் நிலையம் எதற்கு?

இன்னொன்று. பங்க் மூலையில் கார் சார்ஜர் இருக்கிறதே, அங்கே டிரெய்லரை வளைக்கவே முடியாது. நேராக நுழைந்து நேராக வெளியே போகும்படி கட்ட வேண்டும். கழிப்பறை, குளிக்கத் தண்ணீர், படுக்க நிழல் வேண்டும். ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேரம் ஓய்வு என்று 1961ஆம் வருட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே சொன்னது. ஓய்வெடுக்க இடம் எங்கே இருக்கிறது?

லைன்மேன் (ஓய்வு):
தம்பி சொன்ன நான்கு சார்ஜரும் ஒரே நேரத்தில் ஓடினால் 960 கிலோவாட். சாதாரண இணைப்பில் நடக்காது. ஹெச்டி (உயர் அழுத்த) லைன் இழுத்து, தனி டிரான்ஸ்பார்மர் வைக்க வேண்டும். சார்ஜர் வாங்குவதைவிட இதற்குத்தான் நாள் பிடிக்கும்.

2011 டிசம்பர் 30 தானே புயலில் நான் வேலையில் இருந்தேன். கம்பங்கள் சரம் சரமாகச் சாய்ந்து கிடந்தன. பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் கொடுக்க முடியவில்லை. கம்பமும் கம்பியும் டீசல் லாரியில்தான் வந்து இறங்கின. மின்லாரி வேண்டாம் என்று சொல்லவில்லை. மேடான இடமாகப் பாருங்கள், கேபிளைத் தரைக்கடியில் கொண்டுபோங்கள், நிலையத்திலேயே பெரிய பேட்டரி வையுங்கள். சாயங்கால உச்ச நேரத்தில் லைன் மேல் பாரத்தையும் அது குறைக்கும். இது எதுவும் இல்லாமல் ரிப்பன் வெட்டினால் அடுத்த புயலில் தம்பியின் நிலையம் இருட்டில் நிற்கும்.

ரெண்டு லாரி ஓனர்:
டிரைவர் தம்பி சொன்னது எனக்குப் புரிகிறது. வண்டி ஏற்கெனவே நிற்கிற இடத்தில் வையுங்கள் என்றால் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த இடம் ஆலையின் கேட்டுக்கு உள்ளே இருந்தால் என் வண்டிக்கு பிளக் கொடுப்பார்களா? முதலில் அவர்கள் ஒப்பந்த வண்டி, மிச்சம் இருந்தால்தான் எனக்கு. எடைமேடை டோக்கனிலேயே இதை அனுபவித்திருக்கிறேன். கேட்டுக்கு வெளியே, அரசு நிலத்தில், வந்த வரிசைப்படி எல்லோருக்கும் ஒரே விலையில் என்றால் சம்மதம். பூண்டியாங்குப்பத்துக்கு இன்னமும் இல்லைதான்.

கெடிலக்கரை:
கேட்டுக்கு வெளியே என்பதை முழுமையாக ஏற்கிறேன். மேடான இடம், பேட்டரி இரண்டையும் கோரிக்கையில் சேர்த்துவிடுகிறேன், லைன்மேன் ஐயா. ஆனால் சென்னையிலிருந்து நாகைக்கு லோடோடு போகிற வண்டிக்கு நெய்வேலி வரிசை உதவாது. அதனால் பூண்டியாங்குப்பத்தை நான் விடவில்லை. நான்குக்குப் பதில் இரண்டு சார்ஜரோடு தொடங்கலாம், நிலத்தை மட்டும் எட்டுக்குப் போதுமாக இப்போதே எடுத்து வைக்க வேண்டும். டிரைவர் அண்ணே, எந்தெந்த இடத்தில் எத்தனை மணி நேரம் காத்திருக்கிறீர்கள் என்று ஒரு வாரத்துக்குக் குறித்து இங்கே போடுங்கள். சிப்காட்டில் ஓட்டுகிற மற்றவர்களும் போடுங்கள்.