பின் தகட்டுக்குள் ஒட்டியிருந்த தாள்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து:

போகிக்கு முந்தைய நாள். திரைச்சீலை, போர்வை எல்லாவற்றையும் வாஷிங் மெஷினில் திணித்த பிறகு, சோப்புத் தண்ணீர் இறங்காமல் அப்படியே நின்றுவிட்டது. உத்தரவாதக் காலம் முடிந்து நான்கு வருடம் ஆகிறது. வாங்கும்போது கொடுத்த கையேட்டைப் பீரோவிலிருந்து தேடி எடுத்தேன். பட்டுப்புடவையைப் போடக் கூடாது என்பதற்கெல்லாம் படம் வரைந்திருக்கிறார்கள். கோளாறு என்று வந்தால் மட்டும் வரிக்கு வரி 'சேவை மையத்தை அணுகவும்'.

அணுகினேன். பழுது பார்க்கும் கையேடு விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டதற்கு, "அது எங்கள் டெக்னீஷியன்களுக்கு மட்டும்தான் சார்" என்றார்கள். எங்கள் தோட்டத்துக் கிணற்று மோட்டார் எரிந்தால், ரீவைண்டிங் கடைக்காரர் எண்ணெய்க் கறை படிந்த நோட்டைப் புரட்டி, எத்தனை சுற்று, எந்த கேஜ் கம்பி என்று என் கண்முன்னேயே சொல்வார். அதில் பழகியவனுக்கு எரிச்சல் வராதா?

மச்சான் வந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின் தகட்டைக் கழற்றினார். உள்பக்கம் வயரிங் படம் ஒட்டியிருக்கிறது! எந்த நிற வயர் வடிகால் மோட்டாருக்குப் போகிறது என்பது வரை இருந்தது. மோட்டார் நன்றாகத்தான் இருந்தது. வடிகால் வாயில் பஞ்சோடு சுருண்டு அடைத்துக் கிடந்தது மகனின் அரைஞாண் கயிறு.

அவிநாசியிலிருந்து:

கோபி அண்ணா, கையேட்டை அப்படித் தள்ளிவிடாதீர்கள். எங்களுக்கு போர் தண்ணீர், ஒரே உப்பு. போன சித்திரையில் மெஷினுக்குள் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கியது. வந்து பார்த்தவர் மெஷினுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு போய்விட்டது, 4,500 ரூபாய் ஆகும் என்றார். அன்று இரவு கையேட்டைப் புரட்டினால், தண்ணீர்க் குழாய் சேரும் இடத்தில் சிறு வலை இருக்கிறது, கழற்றிக் கழுவவும் என்று போட்டிருக்கிறது. குறடால் இழுத்தேன், சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாக அடைத்திருந்தது. எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்டுப் பழைய டூத் பிரஷால் தேய்த்ததும் சரியாகிவிட்டது.

பீளமேட்டிலிருந்து:

நான் வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் தொழிலில் இருக்கிறேன். பிளக்கைப் பிடுங்கியது சரி. ஆனாலும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும், உடனே கை வைக்காதீர்கள். சர்வீஸ் மேனுவல் எங்களைப் போன்ற வெளி ஆட்களுக்கும் எளிதில் கிடைப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், வெளி மெக்கானிக்குகளுக்கும் பழுது விவரங்களைக் கொடுத்தாக வேண்டும், முக்கிய உதிரி பாகங்கள் 10 வருடம் கிடைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நம் மத்திய அரசும் 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியிருக்கிறது. ஆனால் எங்கள் பிழைப்பு ஓடுவது, ஒருவருக்கொருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்ளும் படங்களால்தான்.

கோபிக்காரரே, மாடல் எண்ணோடு அந்தத் தாளைப் படம் எடுத்துப் போடுங்கள். என் பட்டறையில் ஒரு மெஷின் பிரித்தபடி கிடக்கிறது. அதன் தாளை எலி தின்றுவிட்டது.