பழைய பிக்அப்புக்கு பின் சஸ்பென்ஷன்: ஸ்கார்பியோவா இன்னோவாவா? அவசரம்

அரவேனு_பிக்அப் – வெள்ளி, இரவு 11.48

அண்ணங்களா வணக்கம். தாத்தா காலத்து வில்லிஸ் பிக்அப்ப ரெடி பண்ணிட்டு இருக்கேன். டிங்கரிங், பெயின்ட் எல்லாம் முடிஞ்சுது. பின்னாடி கமான் பட்டை (அடுக்குப் பட்டை ஸ்பிரிங்) ரொம்ப மோசம், தூக்கித் தூக்கி அடிக்குது. கோத்தகிரி போய்ட்டு வந்தாலே இடுப்பு கழண்டுருது. காயில் ஸ்பிரிங்கா மாத்திடலாம்னு முடிவு பண்ணிட்டேன். பழைய ஸ்கார்பியோ செட்டு ஒண்ணு, இன்னோவா செட்டு ஒண்ணு, ரெண்டும் ஹவுசிங்கோட, அதாவது பின் ஆக்ஸில் கூடோட கிடைக்குது. எது போடலாம்? ஞாயித்துக்கிழமைக்குள்ள அட்வான்ஸ் குடுக்கணும்.

காயில்_பாஸ்கி – வெள்ளி, இரவு 11.55

இன்னோவா. யோசிக்கவே வேண்டாம். ஹவுசிங்க சேஸோட பிடிக்கிற நாலு ஆர்ம், ஒரு குறுக்கு ராடு, காயில். மெத்தையில உக்காந்த மாதிரி இருக்கும். பட்டையெல்லாம் மாட்டுவண்டி காலத்துச் சமாச்சாரம்.

கமான்காரன் – சனி, காலை 5.40

தம்பி, எது போடலாம்னு கேட்டா எதுக்குன்னு தெரியணுமில்ல. ஃபோர் வீலா டூ வீலா? எஞ்சின் பழசா, டீசல் மாத்தினதா? பட்டை எத்தனை இருக்குது? லோடு ஏத்துவீங்களா, சும்மா ஓட்டவா? டயர் என்ன, காத்து எவ்வளவு? பின்பக்கம் ஒரு போட்டோ போடுங்க, ஷேக்கிள் (பட்டை முனைய சேஸோட கோக்கிற ஆடற இணைப்பு) தெரியற மாதிரி.

குன்னூர்_சீனியர் – சனி, காலை 7.10

இந்தக் கேள்வி மாசம் ஒரு தடவை வருது. பழைய இழைகளைப் படிச்சுட்டுக் கேட்கிற பழக்கம் இங்க யாருக்கும் கிடையாது. சரி, போகட்டும். முதல்ல அது வில்லிஸ் பிக்அப் தானா? 1947ல வந்து 1965 வரைக்கும் வந்த வண்டி அது, வீல்பேஸ் 118 அங்குலம். நம்ம மலையில "வில்லிஸ் பிக்அப்"னு சொல்றதுல பாதி, 80 அங்குல ஜீப்ப வெட்டி நீட்டி, பின்னாடி தொட்டி வச்சது. டேப் பிடிச்சு அளந்துட்டு வாங்க. அப்புறம் பேசலாம்.

காரமடை_லேத் – சனி, காலை 8.25

சீனியர் கேட்ட விதம் எப்படியோ, கேள்வி சரி. வெட்டி நீட்டின சேஸ்னா வெல்டு பக்கத்துல ஆர்ம் பிராக்கெட் அடிக்கவே கூடாது.

காயில்ன்னு ஆசைப்படறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். பட்டை நாலு வேலை பாக்குது. எடையைத் தாங்குது, ஹவுசிங்க முன்ன பின்ன நகராம பிடிக்குது, பக்கவாட்டுல போகாம பிடிக்குது, ஆக்ஸிலேட்டர் மிதிச்சா ஹவுசிங் முறுக்காம பாத்துக்குது. காயில் பாக்கிறது எடை தாங்கற வேலை மட்டும் தான். மிச்சம் மூணுக்கும் நீங்க ஆர்ம் வைக்கணும். அதுக்கு சேஸ்ல புதுசா பிராக்கெட். பழைய சேஸ் திறந்த சி சேனலா இருந்தா உள்பக்கம் பிளேட் அடைச்சு பெட்டியாக்கணும், இல்லாட்டி ரெண்டு மழைக்காலத்துல விரிசல் விட்டுரும். குறுக்கு ராடு நீளமா, வண்டி நிக்கிறப்ப தரைக்குச் சமமா இருக்கணும். குட்டையா சாய்வா வச்சீங்கன்னா ஒவ்வொரு குழியிலயும் பின்பக்கம் ஒரு பக்கமா இழுக்கும். கொண்டை ஊசில அது என்ன பண்ணும்னு நான் சொல்லத் தேவையில்ல.

காயில்_பாஸ்கி – சனி, காலை 8.40

பயமுறுத்தாதீங்க லேத். ஊரெல்லாம் இன்னோவா கொண்டை ஊசில தான ஓடுது.

காரமடை_லேத் – சனி, காலை 8.44

இன்னோவால இன்னோவா செட்டு ஓடுது. நாம பேசறது வேற வண்டி.

ஏர்_பலூன் – சனி, காலை 9.30

ரெண்டுமே வேண்டாங்க. பட்டைய பாதியாக் கொறச்சுட்டு, மேல காத்துப் பை வச்சிருங்க. லோடு ஏத்துனா காத்து அடி, எறக்குனா விடு. எங்க சித்தப்பா பஸ் ஓட்டறாரு, அதுல அப்படித்தான்.

அரவேனு_பிக்அப் – சனி, மதியம் 1.05

மன்னிச்சுக்கோங்க, தோட்டத்துல இருந்தேன், டவர் இல்ல. அளந்துட்டேன் சீனியர் சார், 118 தான். ஃபோர் வீல் தான், அதச் சொல்ல மறந்துட்டேன். எஞ்சின் டி.ஐ. டீசல், அப்பா காலத்துலயே மாத்தி ஆர்.சி.லயும் ஏத்தியாச்சு. கியர்பாக்ஸ் நாலு கியர் ஜீப்போடது, ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் ரெண்டுக்கும் இழுவையப் பிரிச்சுக் குடுக்கிற பெட்டி) பழசே. லோடு பெருசா இல்ல. வாரத்துக்கு நாலஞ்சு மூட்டை கேரட் மேட்டுப்பாளையம் மண்டிக்கு, மத்தபடி காலியாத்தான் ஓடும். இப்ப சொல்லுங்க, ஸ்கார்பியோவா இன்னோவாவா?

குன்னூர்_சீனியர் – சனி, மதியம் 1.20

ஃபோர் வீல்ங்கிறது "சொல்ல மறந்துட்டேன்" லிஸ்ட்ல வர்ற விஷயமா?

பழைய நாலு சிலிண்டர் வில்லிஸ் ஃபோர் வீல்ல கிரவுன் பினியன் (ஆக்ஸிலுக்குள்ள இருக்கிற பல்சக்கர ஜோடி) பெரும்பாலும் 43க்கு 8 பல். அதாவது 5.38. நீங்க கேட்கிற ரெண்டு ஹவுசிங்லயும் அந்தக் கணக்கு வராது. பின்னாடி ஒரு விகிதம், முன்னாடி ஒரு விகிதம் வச்சுட்டு ஃபோர் வீல் போட்டீங்கன்னா ரெண்டு ஆக்ஸிலும் ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டும். சேத்துல டயர் வழுக்கிச் சமாளிச்சுக்கும். தார் ரோட்டுல ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பல்லோ கட்டையோ (ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்), எது பலவீனமோ அது போகும். முன் ஹவுசிங்கும் மாத்துவேன்னா அது தனி வண்டி, தனி பட்ஜெட்.

இன்னொண்ணு. அந்தப் பழைய ட்ரான்ஸ்ஃபர் கேஸ்ல பின் கட்டை வண்டியோட வலது ஓரமாத்தான் வெளிய வரும். புது ஹவுசிங்ல உருண்டை (டிஃபரன்ஷியல்) நடுவுல இருக்கும். கட்டை குறுக்கால ஓடும். க்ராஸ் ஜாயின்ட் எத்தனை நாள் தாங்கும்னு நீங்களே கணக்குப் போடுங்க.

காயில்_பாஸ்கி – சனி, மதியம் 1.32

அப்ப ஹவுசிங் பழசே இருக்கட்டும், ஆர்மும் காயிலும் மட்டும் மாத்தலாமே.

காரமடை_லேத் – சனி, மதியம் 1.50

மாத்தலாம். அதுதான் உருப்படியான வழியும். ஆனா அத "செட்டு வாங்கிப் போடறது"ன்னு சொல்ல முடியாது, முழுக்க ஃபேப்ரிகேஷன். பினியன் கோணம், கியர்பாக்ஸ் கோணம் ரெண்டும் ஒத்து வரணும். ஹவுசிங்ல பிராக்கெட் வெல்டு வைக்கிறப்ப சூட்டுல டியூப் வளையும், அதப் பாத்து நிமித்தணும். இன்னோவா ஹவுசிங்கே போடறவங்க சக்கரத்தையும் யோசிங்க. ஜீப்புக்கு அஞ்சு போல்ட், அது நிக்கிற வட்டம் 139.7 மில்லி, இன்னோவாவுக்கு 114.3. ஸ்டெப்னி ஒரு பக்கத்துக்குத்தான் ஆகும்.

தோடர்காடு – சனி, மதியம் 2.15

ஆர்.டி.ஓ. பக்கமும் பாத்துக்கோங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குடுத்த விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரில உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லிருச்சு. எஞ்சின் அனுமதியோட ஏத்தினது வேற. சேஸ்ல வெட்டி ஒட்டறது வேற.

கல்லட்டி_ராஜா – சனி, மதியம் 2.40

சட்டம் பேசினா மலையில ஒரு ஜீப்பும் ஓடாது. எனக்குத் தெரிஞ்சு பிரச்சனை சஸ்பென்ஷனே இல்ல, ஓட்டற விதம். பட்டை வண்டிய ரெண்டாவது கியர்ல மெதுவா எறக்குனா ஏன் தூக்கி அடிக்குது?

கொடை_டிரைவர் – சனி, மதியம் 3.02

ரெண்டாவதா? கல்லட்டி 36 கொண்டை ஊசியையும் ரெண்டாவதுலயா எறக்குவீங்க? எங்க பக்கம் பெரியவங்க சொல்றது, ஏறுன கியர்லயே எறங்கு. மன்னவனூர் ஏத்தத்துல முதல் கியர்ல ஏறுனா எறங்கும்போதும் முதல் கியர்.

கல்லட்டி_ராஜா – சனி, மதியம் 3.10

பழைய மூணு கியர் கணக்க இதுக்குப் போடாதீங்க. டி.ஐ. எஞ்சினுக்கு ரெண்டாவதே நல்லாப் பிடிக்கும். வெளியூர் வண்டிய கல்லட்டில கீழ விடறதில்ல, நீங்க எறங்கிப் பாத்திருக்க வாய்ப்பில்ல.

கொடை_டிரைவர் – சனி, மதியம் 3.14

நான் எறங்குனது அந்தத் தடை வர்றதுக்கு முன்னாடி. பிரேக் புகைஞ்சு ஓரமா நின்ன வண்டிய எண்ணிக்கிட்டே எறங்குனேன். அதுல பாதி உங்க ரெண்டாவது கியர் ஆளுங்க.

(இதுக்கு மேல ஒம்பது பதில் கியர் பத்தியே. தாண்டிப் போங்க. – தோடர்காடு)

கமான்காரன் – சனி, மாலை 6.30

தம்பி, நான் காலையில கேட்டதுல பாதிக்குப் பதில் வரல. பட்டை எத்தனை? காத்து எவ்வளவு? போட்டோ?

அரவேனு_பிக்அப் – சனி, இரவு 8.15

போட்டோ போட்டிருக்கேண்ணா. பட்டை ஒரு பக்கம் 12. டயர் 235/75 ரேடியல் 15, காத்து 50. மண்டிக்குப் போறதால அப்படியே வச்சிருக்கேன்.

கமான்காரன் – சனி, இரவு 8.50

இப்பத்தான் விஷயம் வருது. போட்டோவ நல்லாப் பாத்தேன். மேல உள்ள பட்டைக்கும் கீழ உள்ளதுக்கும் வளைவும் வேற, தடிமனும் வேற. யாரோ ஒரு காலத்துல உருளைக்கிழங்கு லோடுக்காக வேற வண்டிப் பட்டைய செருகியிருக்காங்க. பட்டை தடிமன் இரட்டிப்பானா அதோட விறைப்பு எட்டு மடங்கு. அந்த மூணு தடிப் பட்டை தான் உங்க இடுப்ப உடைக்குது.

ரெண்டாவது, ஷேக்கிள். பின்னாடி ஷேக்கிள் முன்பக்கமா மடங்கி நிக்குது பாருங்க. பட்டை அமுங்குனா நீளணும், நீண்டா ஷேக்கிள் பின்னாடி போகணும். உங்களுது முதல்ல நேரா நிமிந்துட்டுத்தான் பின்னாடி போக முடியும். நிமிர்றப்ப வண்டிய மேல தூக்கும். குழியில சக்கரம் ஏறுற நேரத்துல ஷேக்கிளும் சேந்து தூக்குனா அடிக்காம என்ன பண்ணும்? வளைவு அதிகமான அந்தப் பட்டைய எடுத்தா ஷேக்கிள் தானா பின்னாடி சாயும்.

அப்புறம் ஒரு சந்தேகம். போட்டோல ஷாக் அப்சார்பர் தெரியலயே?

அரவேனு_பிக்அப் – சனி, இரவு 9.04

அது ரெண்டும் ஆயில் லீக்குண்ணா. கழட்டி ஷெட்டுல வச்சிருக்கேன். எப்படியும் காயில் போடப் போறோம், அப்ப புதுசா சேத்து வாங்கிக்கலாம்னு.

காரமடை_லேத் – சனி, இரவு 9.06

😂

குன்னூர்_சீனியர் – சனி, இரவு 9.15

முப்பது பதில். 5.38 கிரவுன்ல இருந்து உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய்ட்டு வந்துட்டோம். வண்டில ஷாக்கே இல்ல.

கமான்காரன் – சனி, இரவு 9.40

விடுங்க சீனியர், சின்னப் பையன். தம்பி, செலவு பண்றதுக்கு முன்னாடி இத முதல்ல பாருங்க. அந்த மூணு தடிப் பட்டைய மட்டும் எடுங்க. மெயின் பட்டையையும், அதுக்கு அடுத்து கண்ணைச் சுத்தி வர்ற ரெண்டாவது பட்டையையும் தொடவே கூடாது. மெயின் உடைஞ்சா ஹவுசிங்கப் பிடிக்கிறது ரெண்டாவது தான். மிச்சம் படிப்படியா நீளம் கொறையற மாதிரி இருக்கணும், நடுவுல ஒரு படி காணாமப் போகக் கூடாது. சென்டர் போல்ட், யு போல்ட் புதுசு போடுங்க. பழைய யு போல்ட்ட திருப்பி முறுக்காதீங்க, நூறு கிலோமீட்டர் ஓடுனதும் மறுபடி டைட் பாருங்க. பட்டைக்கு நடுவுல கிராபைட் கிரீஸ். ஷேக்கிள் பின் கிரீஸ் குடிக்குதான்னு பாருங்க, குடிக்கலன்னா கழட்டிச் சுத்தம் பண்ணணும். ஷாக் ரெண்டும் புதுசு. காலி வண்டிக்கு காத்து 28, மூட்டை ஏத்துற அன்னிக்கு ஏத்திக்கோங்க. பட்டை எடுத்ததும் வண்டி இறங்கும், பம்ப் ஸ்டாப்பருக்கு (ஆக்ஸில் சேஸ்ல இடிக்காம தடுக்கிற ரப்பர்) இடம் இருக்கான்னு அளந்து பாருங்க.

இதுக்கப்புறமும் பிடிக்கலன்னா லேத் சொன்ன மாதிரி பழைய ஹவுசிங்லயே ஆர்ம் போடறதப் பத்திப் பேசலாம்.

ஏர்_பலூன் – சனி, இரவு 10.20

காத்துப் பை பத்தி யாரும் பதில் சொல்லல.

காரமடை_லேத் – சனி, இரவு 10.31

உங்க சித்தப்பா பஸ்ல கம்ப்ரெஸர் இருக்குதுங்க.

காயில்_பாஸ்கி – ஞாயிறு, காலை 9.00

என்ன பண்ணாலும் பட்டை பட்டை தான். எழுதி வச்சுக்கோங்க, ஆறு மாசத்துல திரும்பி வருவாரு.

கமான்காரன் – புதன், இரவு 9.12

தம்பி என்ன ஆச்சு? அட்வான்ஸ் குடுத்துட்டீங்களா?

அரவேனு_பிக்அப் – அடுத்த திங்கள், இரவு 10.37

குடுக்கலண்ணா. மூணு பட்டை எடுத்து, ஷாக் மாட்டி, காத்து 28 வச்சேன். குஞ்சப்பனை வரைக்கும் எறங்கி ஏறிட்டேன். அம்மா கூட வந்தாங்க, திட்டல. ஒரு பக்கம் ஷேக்கிள் பின் இறுகிப் போய் ஆக்ஸா பிளேட்ல அறுத்து எடுக்க வேண்டியதாப் போச்சு. போட்டோ அப்புறம் போடறேன். நன்றி.

கமான்காரன் – அடுத்த திங்கள், இரவு 10.52

நல்லது. வண்டி எத்தனை இஞ்ச் இறங்குச்சு? பம்ப் ஸ்டாப்பர் இடம் பாத்தீங்களா?

கமான்காரன் – வெள்ளி, காலை 6.05

தம்பி?

கட்டபெட்டு_புதுசு – ஞாயிறு, மாலை 4.18

வணக்கம், இழை முழுசும் படிச்சேன். அந்த இன்னோவா செட்டு இன்னும் இருக்குதுங்களா? எந்த ஊருல?

குன்னூர்_சீனியர் – ஞாயிறு, மாலை 4.30

எந்த வண்டிக்கு?