தூங்கி எழுந்தால் திரை இருட்டு: ஹாக்கின்டாஷ் தெரிந்தவர்கள் உதவவும்

வணக்கம் நண்பர்களே. ஐ5-8250யூ பிராசஸர், யூஎச்டி 620 கிராஃபிக்ஸ் உள்ள விண்டோஸ் லேப்டாப்பில் ஓப்பன்கோர் என்ற பூட்லோடர் வழியாக ஆப்பிளின் மேக்ஓஎஸ் ஓட்டுகிறேன் (இதைத்தான் ஹாக்கின்டாஷ் என்பார்கள்). மான்டரே (மேக்ஓஎஸ் 12) வரை ஒரு தொல்லையும் இல்லை. வென்ச்சுரா 13.6 போட்டதும், ஆப்பிள் லோகோவுக்குக் கீழே கோடு பாதி ஓடும்போதே திரை அணைந்துவிட்டது.

சிஸ்டம் தொங்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டு மொபைல் டார்ச்சைத் திரைமேல் சாய்த்துப் பிடித்தால் லாகின் பக்கம் மங்கலாகத் தெரிந்தது. பாஸ்வேர்டு அடித்தால் உள்ளேயும் போனது. எச்டிஎம்ஐ செருகினால் வெளி மானிட்டரில் படம் பளிச்சென்று வந்தது. ஆக, கிராஃபிக்ஸ் ஓடுகிறது, திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட்தான் எரியவில்லை.

13.4 முதல் இந்தத் தலைமுறை சிப்களுக்குப் பேக்லைட்டைச் சரிசெய்யும் பழைய கட்டளை -ஐஜிஎஃப்எக்ஸ்பிஎல்ஆர் உதவாது, -ஐஜிஎஃப்எக்ஸ்பிஎல்டி வேண்டும் என்று வாட்எவர்கிரீன் (கிராஃபிக்ஸைச் சரிசெய்யும் துணை மென்பொருள்) குறிப்பிலேயே இருக்கிறது. பூட் ஆர்க்யுமென்டில் (சிஸ்டம் துவங்கும்போது கொடுக்கும் கட்டளை) மாற்றினேன், வெளிச்சம் வந்துவிட்டது. ஆனால் மூடியைச் சாத்தி ஸ்லீப்பில் போட்டுத் திறந்தால் மறுபடி இருட்டு. பிரைட்னஸ் கீயை அழுத்தினாலும் அசையவில்லை. ரீஸ்டார்ட் செய்தால்தான் வருகிறது.

பேக்லைட்டை மேக்ஓஎஸ்ஸுக்கு அடையாளம் காட்டும் எஸ்எஸ்டிடி-பிஎன்எல்எஃப் ஃபைல் இருக்கிறது. பிளாட்ஃபார்ம் ஐடி (மேக்ஓஎஸ் கிராஃபிக்ஸை எப்படிக் கையாள வேண்டும் என்று சொல்லும் எண்) 0000சி087. லேப்டாப்பில் உள்ள இன்னொரு கிராஃபிக்ஸ் சிப்பான என்விடியா எம்எக்ஸ்150-ஐ அணைத்தே வைத்திருக்கிறேன் (மேக்ஓஎஸ் ஹை சியராவுக்குப் பிறகு அதற்கு டிரைவரே கிடையாது, அதை எழுப்ப யாரும் யோசனை சொல்ல வேண்டாம்).

இதே சிப்பில் வென்ச்சுராவோ சோனோமாவோ ஓட்டுபவர்கள் யாராவது ஸ்லீப் பிரச்சினையைச் சரிசெய்தீர்களா? பிளாட்ஃபார்ம் ஐடியை மாற்றியா, பயாஸில் எதையாவது தொட்டா? சீரியல் நம்பரை நீக்கிவிட்டு உங்கள் ஓப்பன்கோர் கான்ஃபிக் ஃபைலைப் போட்டால் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வேன்.

'பேசாமல் மேக் வாங்கிவிடு' என்பவர்களுக்கு: பர்ஸைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.