அம்மாவின் மார்புக்குள் கொழுப்புக் கட்டி: அனுபவமுள்ளவர்களின் வழிகாட்டுதல் வேண்டும்

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். 58 வயதாகும் என் அம்மாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சைக்கு முன் எடுத்த மார்பு எக்ஸ்ரேயில், வலப்பக்க நுரையீரலை ஒட்டி, ஓரம் தெளிவான ஒரு நிழல் தெரிந்தது. இருமலோ மூச்சுத்திணறலோ அவருக்கு இல்லை. அது என்ன திசு என்பதை எக்ஸ்ரேயைக் கொண்டு உறுதி செய்ய இயலாததால் சி.டி. ஸ்கேன் எடுத்தோம். நுரையீரல் உறையை ஒட்டி 6 செ.மீ. கட்டி இருப்பதாகவும், அதன் அடர்த்தி கொழுப்புக்கு உரிய -100 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகை (சி.டி.யில் திசுவின் அடர்த்தியைக் குறிக்கும் அளவு) ஒட்டி இருப்பதால் லிப்போமா என்னும் புற்றுநோயல்லாத கொழுப்புக் கட்டியாக இருக்கலாம் என்றும் அறிக்கை கூறுகிறது.

எங்களைக் கலங்க வைப்பது, கட்டிக்குள் சில மெல்லிய தடுப்புகள் காணப்படுகின்றன என்ற அறிக்கையின் கடைசி வரிதான். தடுப்புகள் தடித்திருந்தாலோ கொழுப்பற்ற முடிச்சுகள் தெரிந்தாலோ லிப்போசார்கோமா என்னும் புற்றுநோயை ஐயுற வேண்டும் என்றும், மெல்லியவை சாதாரண லிப்போமாவிலும் இருக்கக்கூடும் என்றும் மருத்துவர் விளக்கினார். ஆறு மாதம் கழித்து மீண்டும் ஸ்கேன் எடுத்தால் போதும் என்பது அவர் கருத்து. நாங்கள் பார்த்த மற்றொரு மருத்துவரோ, ஊசி மூலம் எடுக்கும் சிறு துணுக்கு வேறு பகுதியில் உள்ள மாற்றத்தைத் தவறவிடக்கூடும் என்பதால், துளைவழி அறுவையில் முழுவதையும் அகற்றிப் பரிசோதிப்பதே நல்லது என்கிறார்; எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது.

இந்நிலையைக் கடந்தவர்களும் நெஞ்சக அறுவை மருத்துவர்களும் தயவுசெய்து சொல்லுங்கள்: எம்.ஆர்.ஐ. எடுத்ததால் தெளிவு கிடைத்ததா? லிப்போமாவையும் லிப்போசார்கோமாவையும் பிரித்தறிய உதவும் எம்.டி.எம்.2 மரபணுச் சோதனையை எங்கே செய்கிறார்கள்? அறுவைக்குப் பின் இயல்பாக நடமாட எத்தனை நாள் ஆயிற்று? நாங்கள் தென்காசியில் இருக்கிறோம். மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ வர இயலும்.