தானக் காணியில் பட்டுப்போன பாலை மரங்களை வெட்டலாமா?

கனகராயன்:
காடாகவே இருக்க வேண்டும் என்று நன்கொடை உறுதிப் பத்திரத்தில் எழுதி, ஒரு பெரியவர் எங்கள் ஊர்ச் சபைக்குக் கொடுத்த காணியில் பட்ட மரங்களை அகற்றுவதே பராமரிப்பின் முதல் வேலை என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியதை வாசித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. பட்ட பாலையை விறகாக மட்டும் பார்க்கிறவர் காட்டுக்குப் பொறுப்பாக இருக்கத் தகுதியற்றவர். மரங்கொத்தி குடைந்த பொந்தில் பின்னர் ஆந்தையும் கிளியும் குடியேறுகின்றன. உக்கிய அடிமரத்தில் கறையான் பிடிக்க, அதைத் தோண்டித் தின்னக் கரடி வருகிறது.

குளக்கட்டு:
அதை எழுதியவன் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பட்ட மரமொன்றில் நெருப்பு ஏறினால் அது நாட்கணக்கில் கனன்று, பொறி காற்றில் பறந்து பச்சைக் காட்டையும் பிடிக்கும் என்பதைக் கண்டவன் நான். அந்தப் பெரியவர் காணியைக் கொடுத்தாரே தவிர, காவலுக்கும் வேலிக்கும் பணம் வைக்கவில்லை. பட்ட பாலையை விற்றால் அந்தச் செலவு தீரும்.

கனகராயன்:
நெருப்பை ஊட்டி வளர்ப்பது பட்ட பாலை அன்று, காணியின் ஓரத்தில் ஆளுயரத்துக்குக் காய்ந்து நிற்கும் கினிப்புல். சோளகத்துக்கு முன்னரே அதைச் செருக்கி, எல்லையைச் சுற்றித் தீத்தடுப்புப் பாதை போடச் சபை ஒரு நாளாவது கூடியதா? மரக்குற்றி ஏற்ற உழவு இயந்திரம் உள்ளே போனால் மண் இறுகும். மரநிழல் திறந்த இடமெல்லாம் உண்ணிச்செடி மூடும். பிறகு மாரியில் அரித்துவரும் மண் நேரே கீழேயுள்ள குளத்தில்தான் படியும். பட்ட பாலையை நிற்க விடுங்கள்.

வன்னிமகள்:
இருவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மரக்குற்றிகளை ஏற்றிச் செல்வது இலங்கையின் 1907 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்ட விடயம். அனுமதியைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் விற்பனையைப் பற்றிப் பேசுவது முறையா?

குளக்கட்டு:
தங்கச்சி, கனடாவில் இருந்துகொண்டு சட்ட இலக்கம் சொல்வது எளிது. இங்கே நெருப்பு அணைக்க வாளி தூக்குகிறவர்கள் நாங்கள்.

வன்னிமகள்:
அண்ணா, அந்த வேலிக்கு முட்கம்பி வாங்கப் பணம் அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி. அப்போது நான் எங்கே இருக்கிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கனகராயன்:
வேலிக் கணக்கைப் பிறகு பேசுவோம். குளக்கட்டு அண்ணை முன்பு நடந்த விவாதத்திலும் இப்படித்தான், தேக்கந்தோட்டத்தையும் காடென்று வாதிட்டார். தேக்கு ஒல்லாந்தர் காலத்தில் இத்தீவுக்கு வந்த மரம். கோடையில் இலையுதிர்த்து, அந்தச் சருகாலேயே நெருப்புக்கு வழிவிடுவது. பாலையும் வீரையும் முதிரையும் இந்த மண்ணின் மரங்கள். வைகாசி, ஆனியில் பழுக்கும் பாலைப்பழத்தை நம்பிக் குரங்கும் கரடியும் பறவைகளும் வாழ்கின்றன. ஒரு பாலை நன்றாக வைரமேற மனித ஆயுள் போதாது. இன்று பட்டதை விற்கலாம் என்று தீர்மானித்தால், நாளை விலைக்காகவே பச்சைப் பாலையின் பட்டையைச் சுற்றிவர உரித்துப் பட்டுப்போக வைப்பார்கள். வன்னியில் நடக்காத காரியமா இது?

குளக்கட்டு:
சபை உறுப்பினர்களைக் கள்ளர் என்கிறீர்களா? தேக்கை இழுத்து ஏன் பழைய கோபத்தைத் தீர்க்கிறீர்கள்? எல்லையோரத்தில் பட்டு நிற்பவற்றை மட்டும் வெட்டுவதாக அடுத்த கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவருவேன்.

கனகராயன்:
கொண்டுவாருங்கள். உறுதியின் பிரதியோடு நானும் வருவேன். காடாக இருக்க வேண்டும் என்ற அந்த வரியில் பச்சை மரம், பட்ட மரம் என்ற பிரிப்பே இல்லை. எல்லையோரத்துப் பட்ட பாலைக்கும் அதே வரிதான்.

வன்னிமகள்:
அனுமதியைப் பற்றிய என் கேள்விக்கு இன்னமும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.