சர்ஃப் பிரேக்: அலைமுறிவா, அலைமடியா?

முதல் மடல், வவுனியாவிலிருந்து

அன்புடையீர்,

கரையோரத் திட்டங்களின் சூழல் அறிக்கைகளைத் தமிழில் எழுதும்போது 'சர்ஃப் பிரேக்' (பலகையில் நின்று சறுக்கத் தக்கதாக அலை மடியும் இடம்) வந்தால் பேனா நின்றுவிடுகிறது. சர்ஃபிங்குக்கு 'அலைச்சறுக்கு' ஓரளவு நிலைத்துவிட்டது. ('நீர்ச்சறுக்கு' என்று எழுதுவோரும் உண்டு. அது படகு இழுக்கச் சறுக்குவது, வேறு விளையாட்டு.) பிரேக்குக்கு மட்டும் 'அலைமுறிவு' என்று போட்டுவிட்டு நகர்கிறோம்.

அலைமுறிவு ஒரு நிகழ்ச்சியின் பெயர். சர்ஃப் பிரேக் ஓர் இடத்தின் பெயர். அலை தன் உயரத்தைப் போல ஏறக்குறைய 1.3 மடங்கு ஆழமுள்ள நீருக்கு வந்ததும் மடியும். 1 மீற்றர் அலைக்கு 1.3 மீற்றர் நீர். அடிநிலம் மெல்லச் சரிந்தால் நுரைத்து நுரைத்தே கரைந்துவிடும். சட்டென உயர்ந்தால் குழலாகச் சுருண்டு விழும். ஆழம் கரைநெடுக ஒரே சீராக இருந்தால் முழு அலையும் ஒரே நேரத்தில் படுத்துவிடும். அதைத்தான் பலகைக்காரர் வெறுப்போடு 'குளோஸ்அவுட்' என்கிறார்கள். பாரோ (கடலடிப் பாறைத் திட்டு) மணற்றிட்டியோ சாய்வாகக் கிடந்தால்தான் அலை ஒரு முனையில் தொடங்கி வரிசையாக உரிந்துகொண்டு போகும். அலை எங்கும் வரும். அதற்கு இந்த உருவத்தைக் கொடுப்பது அடிநிலம். சொல் அந்த நிலத்தையும் சேர்த்துச் சுட்டாவிட்டால் அறிக்கையில் அது இருந்தும் பயனில்லை.

ஸ்பானியர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர்களின் 'றொம்பியென்தே', அலை மோதி உடையும் பாறையையும் திட்டியையும் கரையையுமே குறிக்கும். பெரு நாடு 2000இல் இவற்றைக் காக்கச் சட்டம் இயற்றியபோது அந்தச் சொல்லே கைகொடுத்தது.

மறுமொழி, மன்னாரிலிருந்து

> சொல் அந்த நிலத்தையும் சேர்த்துச் சுட்டாவிட்டால்

புதிதாக ஆக்குவானேன் ஐயா? 'அலைவாய்' பழைய சொல், திருச்செந்தூருக்கே அந்தப் பெயர் உண்டு. அலைவாய்க்கரை என்றால் இன்றைக்கும் எல்லோருக்கும் விளங்கும். 'பொயின்ற் பிரேக்' என்பது முனை அலைவாய், 'றீஃப் பிரேக்' பார் அலைவாய், 'பீச் பிரேக்' மணல் அலைவாய். அறுகம்பே முனை அலைவாய் என்று எழுதிப் பாருங்கள், உறுத்தவில்லை.

'உடைதிரை'யும் (உடையும் அலை) நல்ல பழஞ்சொல்தான். ஆனால் அதிலிருந்து 'உடைகளம்' என்று யாரும் தொடங்கிவிட வேண்டாம். உடுப்பு மாற்றும் அறை என்றுதான் சனம் நினைக்கும்.

மறுமொழி, அளம்பிலிலிருந்து

அண்ணை, அலைவாய் எண்டால் எங்களுக்குக் கால் நனையிற இடம். நீங்கள் சொல்லுற பிரேக் அங்க இல்லை, வெளியில திட்டிக்கு மேல நிக்குது. இரண்டுக்கும் நடுவில வள்ளம் மிதக்கிற ஆழம் இருக்கும். ரெண்டையும் ஒரே பேரில எழுதினால் அறிக்கையில கரையிலயிருந்து எத்தினை மீற்றர் எண்டதே பிழைச்சுப்போகும்.

அந்தத் திட்டி ஒரே இடத்தில கிடக்கிறதும் இல்லை. வாடை பெயர்ந்து கடல் கொந்தளிக்கேக்க கரை மணலை அரிச்சுக்கொண்டுபோய் வெளியில திட்டியாப் போடும். சோளகத்தில கடல் அடங்க, மணல் கொஞ்சங் கொஞ்சமாக் கரைக்குத் திரும்பும். நாயாறு, வட்டுவாகல் போல முகத்துவாரங்களில இன்னொரு கணக்கு. மாரியில வாய் வெட்டுப்பட, களப்புத் தண்ணி மணலைத் தள்ளிக்கொண்டுபோய் விசிறிமாதிரி வெளியில போடும். அலை அந்த விசிறியில வளைஞ்சு மடியும். வாயைக் கல்லுக்கட்டி நிரந்தரமாத் திறந்து வைச்சாலோ, உள்ளுக்க மணல் அள்ளினாலோ விசிறியின்ர வடிவம் மாறும், அலையும் மாறும்.

அதனால என்ர பரிந்துரை: அலைமடி. அலை மடியிற இடம், அலையைத் தாங்குற மடி, ரெண்டும் வருது.

மறுமொழி, மன்னாரிலிருந்து

கரைவலைக்கும் மடி உண்டே தம்பி! மீன் சேருகிற பை அது. 'மடியில் மீன் குறைவு' என்று ஒரு வரி வந்தால் எந்த மடி?

மறுமொழி, அளம்பிலிலிருந்து

வலைமடி, அலைமடி. முன்னுக்கு ஒரு சொல் நிக்குதே அண்ணை. 'அலைமடி' எண்டு முழுசா எழுதுவம், தனிய 'மடி' எண்டு சுருக்காமல் விடுவம்.

மறுமொழி, வவுனியாவிலிருந்து

அலைமடிக்கு என் வாக்கு. வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "அலைதாங்கி கட்டினால் மணல் ஓட்டம் தடைப்பட்டு ஒரு பக்கம் குவியும், மறுபக்கம் கரை அரிக்கும், இடையிலுள்ள அலைமடி அழியக்கூடும்." நிற்கிறது. இதே இடத்தில் 'அலைமுறிவு அழியக்கூடும்' என்றால் நல்ல செய்தி போலக் கேட்கிறது.

இரண்டு பழைய வழக்குகளையும் இந்தச் சொல்லால் சொல்ல முடிகிறது. கலிபோர்னியாவின் டேனா பொயின்றில் 1966இல் தொடங்கிய துறைமுக வேலை ஓர் அலைமடியை நிரந்தரமாக மூடிவிட்டது. ஸ்பெயினின் முண்டாக்காவில் 2003இல் கழிமுகத்தை ஆழப்படுத்த மணல் அள்ளினார்கள். திட்டி கலைந்தது, அலை கெட்டது, 2005இல் அங்கே நடக்கவிருந்த உலகப் போட்டி கைவிடப்பட்டது. மணல் மெல்லத் திரும்பிய பிறகே அலை மீண்டது. மணல் அலைமடி மீளக்கூடும், கல்லால் மூடியது மீளாது. இந்த வேறுபாட்டை அறிக்கையில் தனியாகவே எழுத வேண்டும்.

அடுத்தது 'றிப்', கரையிலிருந்து கடலுக்குள் ஓடும் நீரோட்டம். செய்திகளில் 'சுழியில் அகப்பட்டு' என்கிறார்கள். இது ஆபத்தான பிழை. சுழி என்றால் கீழே இழுக்கும் என்று பயந்து மேலே வரவே போராடுவார்கள். றிப் கீழே இழுக்காது. திட்டியில் உள்ள இடைவெளி வழியாகக் கடலுக்குள் கொண்டுபோகும். நுரைக்கு நடுவே அமைதியாக, கொஞ்சம் கறுத்துத் தெரியும் நீர்தான் அது. அமைதியென்று நம்பி அதிலேயே இறங்குவார்கள். கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்துப்போவார்கள். கரைக்குச் சமாந்தரமாக விலகி, நுரை தெரியும் பக்கம் போய்த்தான் திரும்ப வேண்டும். பலகைக்காரர் இதே நீரில் ஏறித்தான் செலவில்லாமல் வெளியே போகிறார்கள். 'இழுவாய்க்கால்' என்று வைக்கலாமா?

மறுமொழி, அளம்பிலிலிருந்து

வாய்க்கால் வேண்டாம் ஐயா. இந்தக் கரையில அந்தச் சொல்லுக்கு வேற பாரம் இருக்கு. 'இழுவோடை' எண்டு வையுங்கோ.

மறுமொழி, வவுனியாவிலிருந்து

ஆம். இழுவோடை.

மறுமொழி, மன்னாரிலிருந்து

'ஒஃப்ஷோர்' காற்றுக்கு (தரையிலிருந்து கடலுக்கு வீசுவது) காற்றின் பெயரையே வைக்கலாம் என்று பார்த்தால் வன்னியில் அது சரிவராது. கச்சான் (மேல்காற்று) முல்லைத்தீவில் தரையிலிருந்து கடலுக்கு வீசி அலையின் முகத்தை நிமிர்த்தி வைக்கும். அதே கச்சான் மன்னாரில் கடலிலிருந்து ஏறி அலையைக் குழப்பும். எனவே ஒஃப்ஷோருக்கு 'அலையெதிர்க் காற்று', கடலிலிருந்து வருவதற்கு 'அலைவழிக் காற்று'.

இனிப் பலகைப் பக்கம். ஃபின் என்பது செட்டை, மீனுக்கு உள்ளதுதான். டிங் என்பது சொட்டை, பலகை அடிபட்டு விழும் குழி. (செட்டையில் சொட்டை என்று எழுத நேர்ந்தால் ஒருமுறை சரிபார்க்கவும்.) சொட்டையை உடனே அடைக்காவிட்டால் உள்ளே நீர் ஏறிப் பாரமாகி, பலகை குப்பைக்குப் போகும். நுரை, கண்ணாடி நார், ரெசின் மூன்றும் ஒட்டிக்கிடப்பதால் பிரித்து மீள்சுழற்சி செய்வதும் கடினம். நம் சொற்குறிப்பேட்டில் இந்த விளக்கமும் சேர வேண்டும்: பைபர் வள்ளம் ஒட்டுகிற பொலியெஸ்ரர் ரெசினை ரெஜிபோம் (தெர்மோகோல்) நடுவுள்ள பலகையில் பூசக் கூடாது. அதிலுள்ள ஸ்ரைரீன் ரெஜிபோமைத் தின்று குழியாக்கிவிடும். அதற்கு எபொக்சிதான். பொலியூறிதேன் நுரைப் பலகையென்றால் பொலியெஸ்ரர் சரி. 100 கிராம் ரெசினுக்கு 1 முதல் 2 கிராம் இறுக்கி (ஹார்டனர்), வன்னி வெயிலில் 1 கிராமுக்குக் கிட்ட. கூடினால் சூடேறி வெடிக்கும். எதுவானாலும் முதலில் நன்னீரில் கழுவி, நிழலில் முற்றாகக் காயவிட வேண்டும். தேய்க்கிற தூளை மணலில் விடாமல் சாக்கில் அள்ள வேண்டும்.

வக்ஸ் மெழுகுதான், புதுச்சொல் தேவையில்லை. கடையில் வருவது பெரும்பாலும் பெற்றோலியப் பரஃபின். தேன்மெழுகும் தேங்காயெண்ணெயும் சேர்த்துக் காய்ச்சலாம். எண்ணெய் கூடினால் வெயிலில் இளகி வழுக்கும், தேன்மெழுகு கூட இருக்க வேண்டும். வெயிலுக்கு முகத்தில் பூசும் வெள்ளைக் களிம்பில் துத்தநாக ஒக்சைட்டும் தைத்தேனியம் ஒக்சைட்டும் வரும். கொக்கிளாய்க்குத் தெற்கே புல்மோட்டை மணலில் அள்ளுகிற இல்மனைற்றிலிருந்து எடுக்கக்கூடியது இந்தத் தைத்தேனியம் ஒக்சைட். கடலைக் காக்கிற களிம்பு என்று தகரத்தில் எழுதியிருந்தாலும் எந்தக் கரையின் மணல் என்று கேட்கத் தோன்றுகிறது.

மறுமொழி, அளம்பிலிலிருந்து

'டிரொப் இன்' எண்டதுக்கு 'குறுக்க விழுறது' எண்டு போடுங்கோ. ஒருத்தர் ஏற்கெனவே எழும்பி வாற அலையில முன்னால பாயிறது அது. ஒருத்தற்ர கரைவலைப் பாட்டுக்குள்ள (அவருக்கெண்டு உள்ள வலையிடம்) மற்றவர் வலை விடுறது மாதிரி. எங்கட ஆக்களுக்கு அதுக்கு மேல விளக்கம் தேவையில்லை.

லீஷ் மிச்சம், பலகையைக் காலோட கட்டுற கயிறு. காற்கயிறு எண்டால் சரியோ?